டிரைவர் வரும்வரை எத்தனை வினாடி? – வாசகர் கேள்வி, பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைச் சொல்கின்றன: கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எதற்கோ காத்து நிற்கிறது, அப்புறம் அந்த ஏதோ ஒன்று இல்லாமலேயே எழுந்து வருகிறது. அதனால் பாஸ்வேர்டு மறந்தவர்களும் பிரிண்டரில் பேப்பர் சிக்கியவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும்.

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் இருந்தது. பக்கத்திலேயே டெபியனும் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து உபுண்டு ஆன் ஆகும்போது 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று ஒரு வரி வந்து, 1 நிமிடம் 30 வினாடி எண்ணி முடித்த பிறகுதான் உள்ளே விடுகிறது. ஹார்ட் டிஸ்க் டிரைவர் கெட்டுவிட்டது, புது எஸ்எஸ்டி வாங்கு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். டிஸ்க்கின் டிரைவர், அதாவது டிஸ்க்கை இயக்கும் நிரல், முதல் சில வினாடிகளிலேயே வந்துவிட்டது. வராமல் இருந்தால் அந்த வரியை எழுதும் சிஸ்டம்டியே (ஆன் ஆகும்போது மற்ற நிரல்களைக் கிளப்பிவிடும் நிரல்) டிஸ்க்கிலிருந்து ஏறியிருக்காது.

நடந்தது இதுதான். டெபியனை நிறுவும்போது அது ஸ்வாப் பார்ட்டிஷனை (நினைவகம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) புதிதாக ஃபார்மேட் செய்துவிட்டது. ஃபார்மேட் செய்தால் பார்ட்டிஷனின் அடையாள எண் மாறிவிடும். எந்தெந்தப் பார்ட்டிஷன்களை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் உபுண்டுவின் எஃப்எஸ்டேப் கோப்பிலோ இன்னும் பழைய எண்தான் இருக்கிறது. இனி எந்தக் காலத்திலும் வரப்போகாத ஒரு பார்ட்டிஷனுக்காக சிஸ்டம்டி காத்திருக்கிறது. அதன் வழக்கமான பொறுமை 90 வினாடி. அதைத்தான் நீங்கள் தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

'எல்எஸ்பிஎல்கே -எஃப்' என்று அடித்தால் இப்போதைய அடையாள எண்கள் தெரியும். எஃப்எஸ்டேப்பில் ஸ்வாப் வரியில் உள்ளதோடு ஒப்பிட்டு, புது எண்ணை எழுதிச் சேமியுங்கள். இன்னொரு இடமும் உண்டு: இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு லினக்ஸ்) தொடர்பான இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவுக்குள் 'ரெஸ்யூம்' என்ற சிறு கோப்பு. ஹைபர்னேட் செய்த நினைவகத்தை எங்கே தேடுவது என்று அதில் எழுதியிருக்கும். அங்கேயும் பழைய எண் இருந்தால் மாற்றி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' கொடுங்கள்.

இணையத்தில் சிலர் அந்த 90-ஐ 5 ஆக்கச் சொல்வார்கள். வேகமாக பூட் ஆகும்தான். ஆனால் எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து அவசரக் கெடு வைத்தது போல ஆகிவிடும். நாளைக்கு மெதுவாக எழுந்திருக்கும் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகினால் அது காணாமல் போகும். குறைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு வரியில் மட்டும் 'எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10' என்று எழுதுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற டிஸ்க்குக்கு 'நோஃபெயில்' போதும்.

கேள்வி: எங்கள் மில் அலுவலகத்தில் பழைய சர்வர் ஒன்று உள்ளது. எல்எஸ்ஐ 1068இ கார்டு, அதோடு தனிப் பெட்டியில் 16 டிஸ்க்குகள். கர்னல் 3.16, சிஸ்டம்டி 215. அதற்குப் பிறகு யாரும் கைவைக்கவில்லை. கரண்ட் போய்த் திரும்ப வந்து ஆன் செய்தால் சில நாள் டிஸ்க்குகள் வருகின்றன, சில நாள் ஒன்றுகூட வருவதில்லை. அணைக்காமல் ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்தால் உடனே வந்துவிடுகின்றன. லாகில் 'டைம்அவுட், கில் இட்' என்று ஒரு வரி கிடைத்தது. கார்டு போய்விட்டதா?
– வாசகர், இராஜபாளையம்

பதில்: முதலில் ஒரு நன்றி. லாகை, அதாவது நிகழ்வுப் பதிவை, படித்துவிட்டு, கர்னல் எண்ணையும் சேர்த்து எழுதும் வாசகர் இந்தப் பகுதிக்கு மழை போலத்தான், எப்போதாவது வருகிறார். உங்கள் கார்டு நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். கெட்டிருந்தால் ரீஸ்டார்ட்டுக்கும் வராது. இது கொஞ்சம் நீளமான கதை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

கர்னல் (லினக்ஸின் மைய நிரல்) ஒரு கார்டைக் கண்டதும் தானே டிரைவரைத் தேடுவதில்லை. 'இன்ன அடையாளத்தோடு ஒன்று வந்திருக்கிறது' என்று அறிவிப்பு அனுப்பும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பது யுடெவ். அது ஒரு வேலையாளை, அதாவது ஒரு துணை நிரலை, அந்த வேலைக்கு அனுப்பும். அந்த வேலையாள் பொருத்தமான மாட்யூலை, அதாவது டிரைவர் இருக்கும் கோப்பை, கர்னலுக்குள் ஏற்றும். உங்கள் கார்டுக்கு அந்த மாட்யூலின் பெயர் எம்பிடிசாஸ்.

மாட்யூலை ஏற்றுவது என்றால் கோப்பை நினைவகத்தில் வைப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு நொடி வேலை. ஆனால் லினக்ஸில் வழக்கமாக மாட்யூல் ஏறும் அதே நேரத்தில், அதே வரிசையில், சாதனத்தைத் தட்டி எழுப்பிச் சோதிக்கும் வேலையும் நடக்கும். அதற்குப் பெயர் ப்ரோப். கார்டை ரீசெட் செய்வது, அதன் பின்னால் எத்தனை டிஸ்க் என்று கேட்பது எல்லாம் முடிந்தால்தான் 'ஏற்றியாயிற்று' என்ற பதில் வேலையாளுக்குத் திரும்பும். 16 டிஸ்க்குகளும் ஒரே நொடியில் சுழலத் தொடங்கினால் பவர் சப்ளை தாங்காது என்பதால், இதுபோன்ற பெட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடுவது வழக்கம். கரண்ட் போய் வந்தால் எல்லா டிஸ்க்கும் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். ரீஸ்டார்ட்டில் அவை ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கின்றன. உங்கள் 'சில நாள் வரும், சில நாள் வராது' இங்கிருந்துதான் வருகிறது: சில நாள் 30 வினாடிக்குள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

ஏன் 30? உங்களிடம் உள்ள சிஸ்டம்டியில், அதன் ஒரு பகுதியான யுடெவ் தன் வேலையாளுக்குக் கொடுத்திருந்த கெடு அது. 30 வினாடி தாண்டினால் சிக்னல் 9 அனுப்பிக் கொன்றுவிடும். நீங்கள் லாகில் பார்த்தது அந்த மரண அறிவிப்பு.

இந்த 30-ஐ யாரும் டிஸ்க்குகளை மனதில் வைத்து எழுதவில்லை. 2012 ஜனவரியில் இது வேறொரு நோய்க்கு மருந்தாக வந்தது. சில டிரைவர்கள் ஏறும்போதே ஃபர்ம்வேர் கோப்பை (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) கேட்டு நின்றன. அந்தக் கோப்பைக் கொண்டுவந்து தர வேண்டியதும் யுடெவ்தான். ஆனால் ஃபர்ம்வேர் கேட்கும் அறிவிப்பு, அந்தச் சாதனத்தின் பிள்ளையாகக் கணக்கில் வரும். பெற்றோரின் வேலை முடியாமல் பிள்ளையின் அறிவிப்பை யுடெவ் கையில் எடுக்காது. டிரைவர் ஃபர்ம்வேருக்குக் காத்திருக்க, ஃபர்ம்வேர் டிரைவர் முடிவதற்குக் காத்திருக்க, ரேஷன் கார்டுக்கு முகவரிச் சான்று கேட்டு முகவரிச் சான்றுக்கு ரேஷன் கார்டு கேட்ட கதை. முட்டி நிற்பதை உடைக்க வேறு வழி தெரியாமல், 30 வினாடியில் வேலையாளைக் கொன்றுவிடு என்று எழுதினார்கள்.

அதே 2012 இறுதியில் வந்த கர்னல் 3.7, ஃபர்ம்வேர் கோப்பை யுடெவைக் கேட்காமல் தானே டிஸ்க்கிலிருந்து எடுக்கக் கற்றுக்கொண்டது. ஆக, நோய் பெரும்பாலும் போய்விட்டது. மருந்து மட்டும் பெட்டியிலேயே இருந்தது.

இருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் பெரிதாக எதுவும் உடையவில்லை. காரணம் வேடிக்கையானது: கர்னலுக்குள் ப்ரோப் நடந்துகொண்டிருக்கும் வேலையாளைக் கொல்லச் சொன்னாலும், உள்ளே பெரும்பாலான இடங்களில் அந்தச் சிக்னலை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ப்ரோப் தன் பாட்டுக்கு முடியும்; டிஸ்க்குகள் வந்துவிடும்; அதன் பிறகு வேலையாள் நிம்மதியாகச் சாவான். பிறகு கர்னல் 3.13-இல் ஒரு சிறு திருத்தம் வந்தது. கர்னலுக்குள் புதுத் த்ரெட் (தனியே ஓடும் ஒரு துணை வேலை) உருவாக்கக் காத்திருக்கும் ஒரு செயல், கொல்லச் சொன்னால் உடனே சாக வேண்டும். நினைவகம் தீர்ந்துபோகும் நேரத்தில் இயந்திரம் உறைந்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு செய்தது அது. ஆனால் எம்பிடிசாஸ் ப்ரோப்பின் நடுவில் ஒரு த்ரெட் உருவாக்கும். 30 வினாடிக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தால், சிக்னல் 9 ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. த்ரெட் பிறக்காது, டிரைவர் தோல்வி என்று திரும்பும், டிஸ்க் ஒன்றுகூட வராது. 2014-இல் இதைத் துருவிக் கண்டுபிடித்தபோது எம்பிடிசாஸ் மட்டுமல்ல, செல்சியோ நெட்வொர்க் கார்டுகளின் சிஎக்ஸ்ஜிபி4, பாட்டா_மார்வெல் போன்றவையும் இதே வலையில் விழக்கூடியவை என்று தெரிந்தது.

அதன் பிறகு யார் மேல் தப்பு என்று இரண்டு பக்கமும் பேசினார்கள். ஏறுவதற்கு 30 வினாடிக்கு மேல் எடுக்கும் டிரைவர் சரியில்லாத டிரைவர் என்றது ஒரு பக்கம். டிஸ்க் சுழல எடுக்கும் நேரத்துக்கு டிரைவர் என்ன செய்யும், நேற்றுவரை ஓடிய இயந்திரம் இன்று ஓடவில்லையே என்றது இன்னொரு பக்கம். என் ஓட்டு இரண்டாவது பக்கத்துக்குத்தான். கெடு தாண்டினால் லாகில் எச்சரிக்கை எழுதலாம். டேட்டா இருக்கும் டிஸ்க்கின் டிரைவரைக் கொல்வது அதிகப்படி. ஆனால் முதல் பக்கம் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

கெடு அந்த ஆண்டிலேயே இரண்டு முறை நீண்டது. சிஸ்டம்டி 216-இல் 60 வினாடி. கூடவே அதை மாற்றிக்கொள்ள ஒரு வழியும் தந்தார்கள். 217-இல் 180 வினாடி. இன்றும் அந்த 180தான். மூன்றில் ஒரு பங்கு கடந்ததும், அதாவது 60 வினாடியில், 'ரொம்ப நேரம் ஆகிறது' என்று லாகில் ஒரு வரி எழுதுகிறது. கொல்வது அதற்கு மேல்தான். 2015-இல் வந்த கர்னல் 4.2-இல் ப்ரோப்பைத் தனியே பின்னணியில் நடத்தும் வசதி வந்தது. மாட்யூல் ஏறிய உடனே வேலையாள் திரும்பிவிடலாம், டிஸ்க்குகள் தம் வேகத்தில் எழுந்து வரலாம். எந்த டிரைவருக்கும் மாட்யூல் பெயரோடு 'அசின்க்_ப்ரோப்' என்று சேர்த்துக் கேட்கலாம்.

சரி, உங்கள் மில்லுக்கு வருவோம். சிஸ்டம்டி 215-இல் இந்த எண்ணை மாற்ற வழியே இல்லை, நிரலுக்குள்ளேயே பதிந்திருந்தது. நல்ல வழி, பேக்கப் எடுத்துவிட்டுப் புதிய லினக்ஸுக்கு மாறுவது. இவ்வளவு பழைய கர்னலை இன்னும் ஓட்டுவது வேறு பல காரணங்களுக்காகவும் ஆபத்து. ஆனால் புதுக் கர்னல்களை இந்தப் பழைய கார்டோடு முதலில் ஒரு லைவ் பென்டிரைவில் ஏற்றிச் சோதித்துவிட்டு மாறுங்கள். அதுவரைக்கும் ஒரு கைவைத்தியம்: ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த 16 டிஸ்க்குகளில் இல்லை, வேறு டிஸ்க்கில் இருக்கிறது என்றால் மட்டும் செய்யுங்கள். மாட்ப்ரோப்.டி அடைவில் எம்பிடிசாஸை பிளாக்லிஸ்ட் செய்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்துவிடுங்கள். பிளாக்லிஸ்ட் என்பது தானாக ஏற்றுவதைத்தான் தடுக்கும். பெயர் சொல்லி 'மாட்ப்ரோப் எம்பிடிசாஸ்' என்று நீங்கள் கேட்டால் ஏறிவிடும். அந்தக் கட்டளையையும், அதன் பிறகு டிஸ்க்குகளை இணைக்கும் மவுன்ட் கட்டளைகளையும், ஆன் ஆகும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் எழுதுங்கள். அந்தக் கோப்புக்கு சிஸ்டம்டி கெடு எதுவும் வைப்பதில்லை. எஃப்எஸ்டேப்பில் அந்த டிஸ்க்குகளின் வரிகளில் 'நோஆட்டோ' (தானாக இணைக்காதே) சேர்க்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் திண்டுக்கல்காரரின் 90 வினாடி உங்களுக்கும் வந்து சேரும்.

கேள்வி: நான் பாலிடெக்னிக் மாணவன். கெடு வைப்பதால்தானே இந்தத் தொல்லை? டிரைவர் வரும்வரை காத்திரு என்று விட்டுவிட்டால் என்ன?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: விட்டும் பார்த்திருக்கிறார்கள், தம்பி. ராஸ்பெரி பை வைத்திருந்தால் அதன் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பார். 'ரூட்வெயிட்' என்று ஒரு சொல் இருக்கும். ரூட் டிஸ்க், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் டிஸ்க், வரும்வரை எத்தனை நேரமானாலும் நில் என்று அர்த்தம். அங்கே அது சரிதான். எஸ்டி கார்டு இல்லாமல் அந்தக் குட்டிப் பலகைக்குச் செய்ய வேறு வேலை இல்லை.

டெபியன், உபுண்டு வேறு மாதிரி. ரூட் டிஸ்க்குக்காக வழக்கமாக 30 வினாடி பார்க்கும். வரவில்லையென்றால் கைவிட்டுவிட்டு கட்டளை அடிக்கும் ஒரு சிறிய ஷெல்லில் உன்னை இறக்கிவிடும். பயப்படாமல் திரையைப் படி. கேட்க வேண்டிய கேள்விகளை அதுவே எழுதியிருக்கும்: 'ரூட்டிலே' (ரூட், டிலே இரண்டும் சேர்ந்த ஒரே சொல்; ரூட் டிஸ்க்குக்குக் காத்திருக்கும் நேரம்) போதுமா, மாட்யூல் ஏதாவது விடுபட்டதா. 'எல்எஸ் /டெவ்' என்று அடித்துப் பார். இப்போது டிஸ்க் தெரிகிறது என்றால் அது தாமதமாக வந்திருக்கிறது; கர்னல் வரியில் (பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் வரி) 'ரூட்டிலே=90' சேர்த்தால் தீரும். இன்னமும் தெரியவில்லை என்றால் 900 கொடுத்தாலும் பயனில்லை, டிரைவரே உள்ளே இல்லை. முடிவே இல்லாமல் காத்திருக்கும் இயந்திரத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. சர்வர் உன் மேஜையில் இல்லாமல் 40 கிலோமீட்டர் தள்ளிப் பூட்டிய அறையில் இருக்கும்போது இது புரியும்.

எந்த டிரைவர் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க ஆசைப்பட்டால் கர்னல் வரியில் 'இனிட்கால்_டீபக்' சேர்த்து பூட் செய். ஒவ்வொரு டிரைவரும் எத்தனை மைக்ரோவினாடியில் திரும்பியது என்று கர்னலின் பதிவைக் காட்டும் டிமெஸ்கில் எழுதிவிடும். ஒரு சாயங்காலம் நன்றாகப் போகும்.

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் விண்டோஸ். வீடியோ ரெண்டர் செய்யும்போது திரை கறுத்துப்போய், டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை, சரியாகிவிட்டது என்று வருகிறது. டிடிஆர்டிலே என்பதை 60 ஆக்கு என்கிறார் நண்பர். கூடவே ஸ்கேனர் சர்வீஸ் 1053 என்ற பிழையோடு கிளம்ப மறுக்கிறது. இரண்டும் ஒன்றா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள், இரண்டுமே டிரைவர் ஏறுவதற்கானவை அல்ல. முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவருக்கு விஸ்டா காலத்திலிருந்து வைத்திருக்கும் கெடு. ஒரு வேலையைக் கொடுத்து 2 வினாடிக்குள் கார்டு அசையவில்லை என்றால் விண்டோஸ் அதை ரீசெட் செய்யும். கனமான ரெண்டரிங்குக்கு 2 வினாடி குறைவுதான். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர்டிலேயை 8 அல்லது 10 ஆக்கிப் பாருங்கள். 60 வேண்டாம், நிஜமாகவே கார்டு தொங்கினால் ஒரு நிமிடம் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆஃபீஸ் வேலையிலும் திரை கறுக்கிறது என்றால் இந்த எண்ணைத் தொடாமல், கார்டின் சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்கள்.

இரண்டாவது, சர்வீஸ் கிளம்பி 'வந்துவிட்டேன்' என்று சொல்வதற்கு விண்டோஸ் தரும் 30 வினாடி. ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ்பைப்டைம்அவுட் என்ற பெயரில், மில்லிவினாடிக் கணக்கில், 30000 என்று இருக்கும் அளவு அது. பெயர் ரெஜிஸ்ட்ரியில் இல்லாவிட்டாலும் அதே 30 வினாடிதான் நடப்பில் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில், ஆன் ஆகும் அமளியில் சில சர்வீஸ்களுக்கு அது போதாது. எண்ணைக் கூட்டும் முன் அந்த ஒரு சர்வீஸை மட்டும் 'ஆட்டோமேட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்' என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: வைஃபை வேலை செய்யவில்லை. டிமெஸ்கில் ஃபர்ம்வேர் ஏற்றுவது மைனஸ் 2 பிழையோடு தோற்றது என்று வருகிறது. எந்த டைம்அவுட்டைக் கூட்ட வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எதையும் கூட்ட வேண்டாம். மைனஸ் 2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். பழைய கர்னல்களில் இல்லாத கோப்புக்காக 60 வினாடி காத்துக் கிடந்து பிறகு கைவிடும், அந்த ஞாபகத்தில் இன்னமும் டைம்அவுட்டைத் தேடுகிறார்கள். இப்போது கர்னல் நேரே அடைவில் பார்க்கிறது, இல்லையென்றால் அப்போதே சொல்லிவிடுகிறது. உங்கள் டிஸ்ட்ரிபியூஷனின் ஃபர்ம்வேர் பேக்கேஜை நிறுவுங்கள். டெபியன் என்றால் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதியைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். வைஃபை இல்லாமல் எப்படி டவுன்லோட் செய்வது என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். போனை யுஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போடுங்கள்.